உப்பரிகையில் ஒரு பிரதமர்

1938 செப்டம்பர் 30 மாலை லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனை முன்பு படம்பிடிக்கப்பட்ட காட்சி இது. உப்பரிகையில் நால்வர் நிற்கிறார்கள்: அரசர் ஆறாம் ஜார்ஜ், அரசி எலிசபெத், பிரதமர் நெவில் சேம்பர்லின், அவருடைய மனைவி. கீழே மழையில் நனைந்த பெருங்கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அன்று அதிகாலையில்தான் மியூனிக் நகரில் ஹிட்லர், முசோலினி, பிரெஞ்சுப் பிரதமர் தலாதியே ஆகியோருடன் சேம்பர்லினும் கையெழுத்திட்டு, செக்கோஸ்லோவாகியாவின் சுதேதன் பகுதியை ஜெர்மனிக்கு விட்டுக்கொடுத்திருந்தார். மண்ணைப் பறிகொடுத்த நாட்டின் பிரதிநிதிகளுக்கு அந்தப் பேச்சுவார்த்தையில் இடமே தரப்படவில்லை. எல்லாம் முடிந்த பிறகு முடிவு மட்டும் சொல்லப்பட்டது. இரண்டாம் உலகப்போரைப் பற்றிய ஆவணப்படங்கள் இந்தக் காட்சியை வழக்கமாக ஒரே நோக்கத்துக்குப் பயன்படுத்துகின்றன: பிரிட்டன் முழுவதும் அன்று சேம்பர்லினோடு நின்றது என்பதற்குச் சாட்சியாக. அந்தச் சாட்சியம் செல்லாது என்பதே என் கருத்து. அந்தப் படச்சுருள் ஒரு நாட்டின் மனநிலையைப் பதிவு செய்யவில்லை. ஓர் அமைச்சரவையின் சர்ச்சைக்குரிய முடிவு, நாடாளுமன்றம் வாய்திறப்பதற்கு முன்பே நாட்டின் முடிவாக மாற்றப்பட்ட செயலைப் பதிவு செய்திருக்கிறது.

முதலில் அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலங்காலமாக அப்படியே நின்றுவருவது போன்ற தோற்றம் அதற்கு உண்டு. உண்மையில், கேமரா காட்டும் அந்த முகப்பு 1938இல் கால் நூற்றாண்டு வயதே ஆனது. விக்டோரியா அரசி காலத்தில் எட்வர்ட் புளோர் கட்டிய கிழக்குப் பகுதியின் கல் லண்டன் புகையில் அரித்துப்போனதால், 1913இல் ஆஸ்டன் வெப் வடிவமைத்த போர்ட்லேண்ட் கல் முகப்பு அதன்மேல் எழுப்பப்பட்டது. எதிரே இருக்கும் விக்டோரியா நினைவுச் சின்னம் 1911இல் திறக்கப்பட்டது. அதைச் சுற்றிய திறந்தவெளி, நேராக வந்து சேரும் மால் சாலை, சாலையின் மறுமுனையில் உள்ள அட்மிரால்டி வளைவு எல்லாமே ஒரே திட்டத்தின் பகுதிகள். பெருந்திரளான மக்கள் கூடி, அண்ணாந்து பார்க்கவே அமைக்கப்பட்ட அரங்கம் அது. முகப்பு முடிந்த மறு ஆண்டே, 1914 ஆகஸ்ட் 4 இரவு, போர் அறிவிப்பை ஒட்டி அங்கே கூட்டம் திரண்டது. ஐந்தாம் ஜார்ஜ் உப்பரிகைக்கு வந்தார். சினிமாவும் இந்த முகப்பும் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் பிறந்தவை என்பதை நாம் கவனிப்பதே இல்லை. அதனால்தான் அங்கே நிற்பவர் யாராக இருந்தாலும், கட்சிக்கு அப்பாற்பட்டவராக, எல்லோருக்கும் பொதுவானவராகத் திரையில் தெரிகிறார்.

அன்றைய நிகழ்வுகளின் வரிசையிலேயே அரசியல் இருக்கிறது. சேம்பர்லினின் விமானம் லண்டன் அருகே ஹெஸ்டன் விமான நிலையத்தில் இறங்கியது. ஹிட்லரோடு கையெழுத்திட்ட காகிதத்தை அவர் உயர்த்திக் காட்டும் புகழ்பெற்ற காட்சி அங்கே எடுக்கப்பட்டது. நேராக அரண்மனைக்கு வருமாறு அழைக்கும் அரசரின் கடிதமும் அங்கேயே அவர் கையில் சேர்க்கப்பட்டது. அரண்மனைக்குச் சென்று, உப்பரிகையில் நின்ற பிறகே அவர் டவுனிங் தெருவுக்குப் போனார். அதுவரை உடன்படிக்கை காமன்ஸ் சபையின் முன் வைக்கப்படவில்லை. விவாதம் அக்டோபர் 3ஆம் தேதிதான் தொடங்கியது. கடற்படை அமைச்சர் டஃப் கூப்பர் உடன்படிக்கையை ஏற்க முடியாமல் பதவி விலகினார். தொழிற்கட்சித் தலைவர் அட்லி கடுமையாக எதிர்த்தார். ஆளுங்கட்சி வரிசையிலிருந்தே எழுந்த சர்ச்சில், இது முழுமையான தோல்வி என்று 5ஆம் தேதி பேசினார். 6ஆம் தேதி வாக்கெடுப்பில் அரசுக்கு 366 வாக்குகள், எதிராக 144. சர்ச்சில், முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஈடன், டஃப் கூப்பர் உள்ளிட்ட கன்சர்வேடிவ் உறுப்பினர்கள் சிலர் அரசை ஆதரித்து வாக்களிக்கவில்லை. அரசியலில் எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதே பிரிட்டிஷ் முடியாட்சி தன் இருப்புக்குச் சொல்லும் நியாயம். சபை இரண்டாகப் பிளந்து நின்ற ஒரு கேள்வியில், விவாதத்துக்கு 3 நாள் முன்பே அரசர் தன் பக்கத்தை உலகுக்குக் காட்டிவிட்டார். வரலாற்றாசிரியர் ஜான் கிரிக் பின்னாளில், இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் முடியரசர் ஒருவர் செய்தவற்றிலேயே அரசமைப்புக்கு மிகவும் முரணான செயல் இதுதான் என்று தீர்ப்புச் சொன்னார். கடுமையான தீர்ப்புதான். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அதை மறுப்பது கடினம்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. அந்த மக்களின் மகிழ்ச்சியை யாரும் நடிக்கச் சொல்லவில்லை; அது நிஜம். அதை நானும் முழுமையாக ஏற்கிறேன். அந்த இலையுதிர் காலத்தில் லண்டன் பூங்காக்களில் பதுங்குகுழிகள் தோண்டப்பட்டன. நாடெங்கும் சுமார் 3 கோடியே 80 லட்சம் வாயுமுகமூடிகள் விநியோகிக்கப்பட்டன. முதல் உலகப்போரில் கணவனையும் மகனையும் இழந்த குடும்பங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கும். இன்று குண்டு விழாது என்று கேட்டவுடன் ஒரு தாய்க்கு வரும் ஆறுதலைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் போர் வரவில்லை என்ற நிம்மதி வேறு. செக் மக்களின் கோட்டை வரிசை அமைந்த மலைப்பகுதியை அவர்களைக் கேட்காமலே கொடுத்தது சரி என்ற ஒப்புதல் வேறு. கேமராவுக்கு இரண்டும் ஒன்றுதான். தொப்பியை உயர்த்தி அசைக்கும் கை இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும். பிரித்தறிய வேண்டுமானால் வாக்குச்சீட்டைத்தான் பார்க்க வேண்டும். அக்டோபர் 27ஆம் தேதி ஆக்ஸ்போர்டு இடைத்தேர்தல் மியூனிக்கை மையமாக வைத்தே நடந்தது. கன்சர்வேடிவ் வேட்பாளர் குவின்டின் ஹாக் வென்றார். ஆனால் வாக்கு வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது. நவம்பரில் பிரிட்ஜ்வாட்டர் தொகுதியை ஆளுங்கட்சி இழந்தே போனது. அங்கே வென்றவர், மியூனிக்கை எதிர்த்துச் சுயேச்சையாக நின்ற பத்திரிகையாளர் வெர்னன் பார்ட்லெட். இரண்டுக்கும் இடையில், நவம்பர் 9 இரவு, ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் தாக்கப்பட்டன. அது பிரிட்ஜ்வாட்டரில் எதிரொலித்திருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், உப்பரிகைக்குக் கீழே கேட்ட ஆரவாரம் 7 வாரம்கூடத் தாக்குப்பிடிக்காத ஒன்று என்றுதானே ஆகிறது?

படம்பிடித்தவர்கள் கண்ணில் பட்டதைப் பதிவு செய்தார்கள், அதில் என்ன தவறு என்று கேட்பவர்களும் உண்டு. பிரிட்டிஷ் திரையரங்குகளில் அப்போது வாரத்துக்குச் சுமார் 1 கோடியே 90 லட்சம் டிக்கெட்டுகள் விற்றன. மூவிடோன், கோமான்ட், பாதே, பாரமவுண்ட், யுனிவர்சல் என்ற 5 நிறுவனங்கள் வாரம் இருமுறை நியூஸ் ரீல்களை வெளியிட்டன. நாளிதழ் வாசிக்காதவர்களுக்கும் உலகச் செய்தியைக் கண்ணெதிரே காட்டியவை அவைதான். அந்தத் திரையில் எது வரலாம், எது வரக்கூடாது என்பதில் அரசின் கை இருந்தது என்பதற்குப் பெரும் சான்று, உப்பரிகைக் காட்சிக்கு ஒரு வாரம் முன்பே கிடைக்கிறது. செப்டம்பர் 22ஆம் தேதி வெளியான பிரிட்டிஷ் பாரமவுண்ட் நியூஸ் ரீலில், டைம்ஸ் நாளிதழின் முன்னாள் ஆசிரியர் விக்காம் ஸ்டீட், நியூஸ் கிரானிக்கிள் இதழின் ஏ. ஜே. கம்மிங்ஸ் ஆகிய இருவரும் அரசின் கொள்கையைக் குறைகூறிப் பேசியிருந்தார்கள். வெளியுறவு அமைச்சகம் லண்டனில் இருந்த அமெரிக்கத் தூதர் ஜோசப் கென்னடியை அணுகியது. அவர் வழியாக நிறுவனத்துக்குச் சொல்லப்பட்டு அந்தப் பகுதி வெட்டப்பட்டது. செய்திப்படங்களுக்குச் சட்டப்படி தணிக்கையே இல்லாத நாட்டில் இது நடந்தது. லிபரல் கட்சி உறுப்பினர் ஜெஃப்ரி மேண்டர் பின்பு இதைச் சபையில் எழுப்பிய பிறகே விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. ஆக, எதிர்ப்புக் குரல் வெட்டப்பட்ட அதே திரையில், அடுத்த வாரம் அரண்மனை உப்பரிகை விரிந்தது. படப்பிடிப்பாளர் பொய் சொல்லவில்லை. அவர் எடுத்த காட்சிக்குப் பக்கத்தில் வேறொரு காட்சி வைக்கப்படாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. மால் சாலையின் மறுமுனையில், அரண்மனையிலிருந்து நடந்தே போகும் தொலைவில், டிராஃபால்கர் சதுக்கத்தில் அன்றே ஆயிரக்கணக்கானோர் உடன்படிக்கையை எதிர்த்துக் கூடினார்கள். நாம் திரும்பத் திரும்பப் பார்க்கும் படச்சுருளில் அவர்கள் இல்லை.

1945ஐ எடுத்துக்காட்டி, அன்று சர்ச்சிலை அதே அரசர் அதே உப்பரிகையில் நிறுத்தியபோது யாரும் குறை சொல்லவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மே 8ஆம் தேதி, ஐரோப்பாவில் போர் முடிந்த நாளில், அரசர், அரசி, இளவரசிகளுக்கு நடுவில் சர்ச்சில் நிற்கும் படம் உலகறிந்தது. ஆனால் அவர் அன்று அனைத்துக் கட்சிக் கூட்டணி அரசின் தலைவர். கொண்டாடப்பட்டதோ நடந்துமுடிந்த வெற்றி. சபையின் முடிவுக்குக் காத்திருந்த ஒப்பந்தம் அல்ல. அன்று வைட்ஹாலில் இன்னோர் உப்பரிகையில் தொழிற்கட்சியின் எர்னஸ்ட் பெவினும் அவரோடு நின்றார். இருந்தும் என் வாதத்துக்கு மிகப்பெரிய ஆதாரத்தைத் தருவது இந்த 1945தான். 3 மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 26ஆம் தேதி தேர்தல் முடிவு வந்தபோது தொழிற்கட்சிக்கு 393 இடங்கள், சர்ச்சில் பதவி இழந்தார். போரை வென்று தந்தவரைக் கொண்டாடிய மக்கள், வீடும் வேலையும் மருத்துவமும் யார் தருவார்கள் என்ற கேள்விக்கு வேறு பதில் சொன்னார்கள். அதில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை. கைதட்டுவதையும் வாக்களிப்பதையும் அவர்கள் தெளிவாகப் பிரித்தே வைத்திருந்தார்கள். 1945இன் படத்தை வைத்து சர்ச்சிலின் தேர்தல் பலத்தைக் கணிக்க முடியாது என்றால், 1938இன் படத்தை வைத்து மியூனிக்குக்குக் கிடைத்த ஆதரவை மட்டும் எப்படிக் கணிப்பது?

இது தூசிபடிந்த பழைய விவகாரம் அல்ல. பிரிட்டிஷ் பாதே நிறுவனம் 2014இல் தன் 85,000 படங்களை யூடியூபில் ஏற்றியது. நியூஸ் ரீல் துண்டுகளை இன்று எந்த மொழியில், எந்த ஊரில் ஆவணப்படம் எடுப்பவரும் எடுத்துக் கோக்கலாம். நல்ல காரியம், வரலாறு காப்பகத்தின் பூட்டுக்குள் கிடக்க வேண்டியதில்லை. ஆனால் உப்பரிகைக் காட்சியைக் கோப்பவர்கள், அது எடுக்கப்பட்ட தேதியையும் சபை விவாதம் தொடங்கிய தேதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாரமவுண்ட் வெட்டையும் பிரிட்ஜ்வாட்டர் முடிவையும் ஒரு வரியிலாவது தர வேண்டும். முடிந்தால் இன்னோர் அரண்மனையின் படத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும். 1939 மார்ச் 15ஆம் தேதி ஜெர்மன் படை பிராகா நகருக்குள் நுழைந்தது. பொஹீமிய அரசர்கள் வீற்றிருந்த கோட்டையில் ஹிட்லர் அன்றிரவு தங்கினார். அதன் சன்னலில் அவர் நிற்கும் படம் எடுக்கப்பட்டது. மறுநாள், மிச்சமிருந்த செக் நிலமும் ஜெர்மனியின் பாதுகாப்பில் இருக்கும் பகுதியாக அறிவிக்கப்பட்டது. லண்டன் உப்பரிகைக்கும் பிராகா சன்னலுக்கும் இடைவெளி ஐந்தரை மாதம். இவற்றில் முதல் படத்தைத் தனியாகக் காட்டும்போது பார்வையாளர் அந்தக் கூட்டத்தின் மகிழ்ச்சியை மட்டும் காண்கிறார். அந்த மகிழ்ச்சிக்கு விலை கொடுத்த செக் மக்கள் எந்தக் காட்சியிலும் அவருக்குத் தெரிவதில்லை.