திருச்சியின் டங்ஸ்டன் ஈட்டி

மலைக்கோட்டை உச்சியில் நின்றால் காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தெரியும். இடையில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். 2020 செப்டம்பர் 22 அன்று மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில், ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கி அவ்வளவு தொலைவிலிருந்த இலக்கை ஓர் ஏவுகணையால் அடித்தது. இலக்கின்மேல் லேசர் புள்ளியைப் பாய்ச்சினால் ஏவுகணை அதை நாடிப் போகும். அதற்கு இரட்டை வெடிமுனை. முன்னது கவசத்தின் மேலுள்ள வெடிப்பெட்டிகளைக் கிளப்பிவிடும், பின்னது உருக்கைத் துளைக்கும்.

டாங்கியைத் துளைக்கத் திருச்சியிலும் ஓர் ஆயுதம் பிறக்கிறது. அதற்குக் கண் இல்லை, வெடிமருந்தும் இல்லை. வெறும் கம்பி!

ஊரார் ஹெச்ஏபிபி என்று சொல்லும் ஆலையில் அது செய்யப்படுகிறது. 1980-களில், ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தின் தொழில்நுட்பத்தோடு எழுந்த ஆலை. மூலப்பொருள் டங்ஸ்டன். அது உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் உருக்கி வார்க்கக் கொப்பரைக்கு எங்கே போவது? ஆகவே உருக்குவதே இல்லை. டங்ஸ்டன் தூளோடு கொஞ்சம் நிக்கலும் இரும்பும் கலந்து, கம்பி வடிவில் இறுக்கி, சூளையில் ஏற்றுகிறார்கள். 1,500 டிகிரியை நெருங்கும்போது நிக்கலும் இரும்பும் இளகி, டங்ஸ்டன் துகள்களைச் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிப்பவர்களுக்கு இது புரியும்: பாகு உருகும், பொரி உருகாது. பிறகு அந்தக் கம்பியைச் சுற்றிலும் அடித்து உறுதியேற்றுவார்கள். ஒரு லிட்டர் செம்பளவு இந்த உலோகம் 17 கிலோ தாண்டும். இரும்பு 8 கிலோகூட வராது.

பீரங்கியின் வாய் 120 அல்லது 125 மில்லிமீட்டர். கம்பியோ அதைவிட மிக மெலிது. அதனால் இலேசான உறை போர்த்திச் சுடுகிறார்கள். வாயைவிட்டு வெளியேறியதும் காற்று அந்த உறையை இதழ் இதழாகப் பிய்த்தெறிய, வால் இறக்கைகளோடு கம்பி மட்டும் அம்பாகப் பாய்கிறது. வேகம் நொடிக்குச் சுமார் 1,600 மீட்டர். மலைக்கோட்டைக்கும் ராஜகோபுரத்துக்கும் இடையிலான தூரம் அதற்கு இரண்டு நொடி. அத்தனை எடையும் வேகமும் ஒரு சின்ன முனையில் குவிவதால் கவசம் திறந்துகொள்கிறது.

2021 அக்டோபரில் இந்த ஆலை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் வந்தது. ஆனால் டங்ஸ்டனுக்கு நாடு இன்றும் இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி மக்கள் தங்கள் மலையைக் காக்கப் போராடியதால், 2025 ஜனவரியில் அங்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் ரத்தானது. நியாயமான வெற்றி அது. சுரங்கமின்றியும் வழி உண்டு: தேய்ந்த கடைசல் கருவிகளிலிருந்து டங்ஸ்டனை மீட்கும் தொழில்நுட்பம் உலகில் நன்கு பழகியது. பட்டறைகள் நிறைந்த திருச்சியில் அதை வளர்க்க அரசு இப்போதே முனைய வேண்டும்.