உதிரும் இலையும் உயிரணுவின் மரணமும்

பழுத்த இலை உதிர்வது மரத்தின் நலத்திற்கே ஆகும். மனித உடலிலும் இந்நியதி உண்டு. முதுமையுற்ற, பழுதடைந்த உயிரணுக்கள் தம்மைத் தாமே அழித்துக்கொண்டு புதியனவற்றிற்கு வழிவிடுகின்றன. 1972ஆம் ஆண்டு கெர், வில்லி, கர்ரி என்னும் மூன்று அறிஞர்கள் இந்நிகழ்வை விளக்கி, 'அபாப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர். இலை உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. தமிழில் இதனை 'உயிரணுத் தன்னழிவு' எனலாம்.

இறக்க மறுக்கும் அணு

உயிரணுவின் மரபுப்பொருள் சிதைவுறும்போது 'பி53' என்னும் புரதம் அதனை உணர்ந்து, அணுப் பெருக்கத்தை நிறுத்துகிறது. சிதைவு சீராகாவிடில் அழிவுக்கு ஆணையிடுகிறது. உடனே இழைமணிகளிலிருந்து 'சைட்டோகுரோம் சி' என்னும் புரதம் வெளிப்படுகிறது. அது 'காஸ்பேஸ்' என்னும் நொதிகளைத் தூண்ட, அவை அணுவை உள்ளிருந்தே துண்டாடுகின்றன.

புகையிலைப் புகையின் நச்சுப் பொருள்கள் பி53 புரதத்திற்குரிய மரபணுவையே சிதைப்பதுண்டு. காவலன் வீழ்ந்தபின் நுரையீரலின் பழுதுற்ற அணுக்கள் இறக்க மறுத்துப் பெருகுகின்றன, புற்று வளர்கிறது. எனினும், தன்னழிவுக்குப் பி53 ஒன்றே வாயில் அன்று. பிற வாயில்களைத் திறக்கும் பொருள்கள் சில தாவரங்களிலிருந்து கிடைத்துள்ளன.

தாவரம் தந்த மருந்துகள்

அமெரிக்காவின் பசிபிக் கரைப்பகுதியில் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து வால், வானி ஆகியோரின் குழுவினர் பிரித்தெடுத்த பொருள் 'பாக்லிடாக்செல்'. அதன் வேதியமைப்பு 1971இல் வெளியாயிற்று. அணு இரண்டாகப் பிரிகையில் மரபிழைகளை இருபுறமும் இழுத்துச் செல்ல நுண்குழல்கள் தோன்றிக் கலைதல் வேண்டும். இம்மருந்து அவற்றைக் கலையவிடாது இறுக்குகிறது என்பதை 1979இல் சூசன் ஹார்விட்சின் குழுவினர் கண்டறிந்தனர். பிரிய இயலாத அணு தன்னழிவை அடைகிறது.

நம் முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியின் வழிவந்த 'வினோரெல்பின்' இதற்கு நேர்மாறானது. அது நுண்குழல்களை உருவாகவே விடுவதில்லை, முடிவு ஒன்றே. இவ்விரு மருந்துகளும் நுரையீரல் புற்றுநோய்க்குப் பயன்படுகின்றன.

இயற்கை எனினும் எச்சரிக்கை

மஞ்சளின் 'குர்குமின்' ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்கப்பட்ட நுரையீரல் புற்றணுக்களைத் தன்னழிவுக்குத் தூண்டுகிறது. ஆனால், நாம் உண்ணும் குர்குமினில் மிகச் சிறு அளவே குருதியை அடைகிறது. ஆகவே, தட்டில் கண்ட வெற்றி நோயாளியின் உடலில் கண்ட வெற்றி ஆகாது.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியாயிற்று. காரட்டுக்கு நிறம் தரும் 'பீட்டா கரோட்டின்' மாத்திரை உண்டோரிடம் நுரையீரல் புற்று குறையவில்லை. மாறாக, 18 விழுக்காடு மிகுந்திருந்தது. இயற்கைப் பொருள் என்பதனாலேயே ஒன்று நன்மை தந்துவிடாது என்பதற்கு இதுவே சான்று.

நித்தியகல்யாணியிலிருந்து மருந்து வந்தது உண்மை; அதன் இலையை அரைத்துப் பருகுவதோ நஞ்சாக முடியும். அளவறிந்து, தூய்மைப்படுத்தி, மருத்துவர் மேற்பார்வையில் அளிக்கும்போதே அது மருந்தாகிறது. சிகிச்சையை நிறுத்திவிட்டுக் கஷாயத்தை நம்பும் குடும்பங்கள் மீளாத காலத்தை இழக்கின்றன. இதனை இல்லந்தோறும் எடுத்துரைப்பது கற்றோர் கடன். புகையிலையை விலக்கி, பி53 என்னும் காவலனை வீழாமல் காப்பது இளைஞர் கடன்.