விரலுக்குத் தெரியாத ரியால்

எங்கள் வவுனியாப் பக்கத்தில், பட்டானிச்சூரிலோ செட்டிகுளத்திலோ, வயதான ஒருவரிடம் ஒரு தாளைக் கொடுத்துப் பாருங்கள். கண்ணாடியைத் தேட மாட்டார். பெருவிரலால் ஒரு தடவு தடவி, ஐந்நூறா ஆயிரமா என்று சொல்லிவிடுவார். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. 2011 இல் மத்திய வங்கி வெளியிட்ட தாள்களில் பெறுமதி கூடக் கூட நீளமும் கூடுகிறது. பார்வை குறைந்தவர்களுக்காக ஓரத்தில் புடைத்த புள்ளிகளும் உண்டு. பத்து ரூபாய்க் குற்றிக்குப் பதினொரு பக்கங்கள். சட்டைப் பைக்குள் கையை விட்டே கண்டுபிடிக்கலாம்.

அதே மனிதர் உம்றாவுக்குப் போய் மக்காவில் ஒரு கடை வாசலில் நிற்கும்போது இந்த அறிவு முழுவதும் கைவிட்டுப் போகிறது. பணப்பையைத் திறந்து கடைக்காரரிடம் நீட்டி, "நீங்களே எடுங்க தம்பி" என்று தமிழிலேயே சொன்ன பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். எடுப்பவர்கள் பெரும்பாலும் நேர்மையாகத்தான் எடுக்கிறார்கள். ஆனாலும் வாழ்நாளெல்லாம் தன் காசைத் தானே எண்ணிய ஒருவருக்கு அது சின்ன விஷயமல்ல.

முதலில் ஏமாற்றுவது நிறம். நம் 50 ரூபாய் நீலம். அங்கே 500 ரியால் நீலம். நம் 20 ரூபாய் சிவப்புச் சாயல். அங்கே 100 ரியால் சிவப்பு. நம் ஆயிரம் பச்சை. அங்கே பச்சை என்றால் 50 ரியால். ஒரு ரியால் இன்று ஏறக்குறைய 80 ரூபாய். ஆகவே நீலத் தாளைச் சில்லறை என்று நினைத்து நீட்டுபவர் நீட்டுவது சுமார் 40,000 ரூபாய்.

அடுத்தது அளவு. சவூதித் தாள்களும் பெறுமதிக்கேற்ப வளர்கின்றன, ஆனால் நீளம் அகலம் இரண்டிலும். அங்குள்ள மிகச் சிறிய தாளே நம் பெரிய தாள்களை நெருங்கும். அதனால் பழகிய விரல் எல்லாவற்றையும் "பெரிய காசு" என்றே சொல்லும். (அமெரிக்க டொலர் இன்னும் மோசம், எல்லாம் ஒரே அளவு. அது பார்வையற்றோருக்குப் பாரபட்சம் என்று அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றமே 2008 இல் தீர்ப்பளித்தது.)

2020 முதல் 5 ரியால் பிளாஸ்டிக் தாளாக வருகிறது. 1998 இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு வந்த நம் 200 ரூபாயை நினைவிருப்பவர்களுக்கு அந்த வழுவழுப்புப் புரியும். மடித்தால் மடிந்து நிற்காது. முந்தானையில் முடிந்து வைக்கும் உம்மாமாருக்கு இது பெரிய தொல்லை. ஒரு ரியாலும் இரண்டு ரியாலும் இப்போது குற்றிகள். நம் பழக்கத்தில் குற்றி என்றால் மிச்சக்காசு, ஆனால் அந்த இரண்டு ரியால் இங்கே 160 ரூபாய்.

எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படம் உதவும். 500 இல் கஅபா, 100 இல் மஸ்ஜிதுந் நபவி, 50 இல் அல் அக்ஸா. இவற்றைச் சொல்லிக் கொடுத்தால் நம்மவர்கள் மறக்க மாட்டார்கள்.

கை சம்பந்தப்பட்ட இன்னொரு விஷயமும் உண்டு. நாணயம் மாற்றும்போது கொடுப்பதும் வாங்குவதும் அதே இடத்தில் கைக்குக் கை நடக்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். தங்கம், வெள்ளிக்குரிய இந்தச் சட்டம் தாள் நாணயத்துக்கும் பொருந்தும் என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1986 இல் அம்மானில் முடிவெடுத்தது. "இப்போது ரியாலை வைத்துக்கொள்ளுங்கள், ரூபாயை ஊருக்குப் போய்த் தாருங்கள்" என்று வழிகாட்டியிடம் மாற்றிக்கொள்ளும் வழக்கம் இதற்கு முரண். ரியாலாகவே கடன் வாங்கி ரியாலாகத் திருப்பிக் கொடுப்பது வேறு. அது வெறும் கடன்.

பள்ளிவாசல்களில் உம்றா வகுப்பு நடத்துபவர்கள் இஹ்ராம் கட்டக் காட்டித் தருகிறார்கள், தவாபுக்கு மாதிரி வைத்து நடக்க வைக்கிறார்கள். அதோடு அரை மணி நேரம் காசுக்கும் ஒதுக்கலாம். ஊரில் சவூதியிலிருந்து திரும்பியவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஒவ்வொரு தாளிலும் ஒன்று இரவல் வாங்கி, கண்ணை மூடிக் கையில் கொடுத்துப் பழக்கலாம். நம் 500 ரூபாயையும் பக்கத்தில் வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க. புறப்படும்போது 500 ரியால் தாள்களைத் தனிப் பையில் தைத்து வைத்துவிட்டு, வெளிப் பையில் பத்தும் ஐந்தும் மட்டும் வைத்தால் போதும்.