கடைசி இடமும் நான்காவது லைனும்

2019 ஜனவரி 3ஆம் தேதி காலை, வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் இருந்த 31 அணிகளில் கடைசியாகக் கிடந்தது செயின்ட் லூயிஸ் ப்ளூஸ். 37 ஆட்டங்கள், 15 வெற்றிகள், 34 புள்ளிகள். பயிற்சியாளர் மைக் யோவை நவம்பரிலேயே வீட்டுக்கு அனுப்பியாயிற்று. டிசம்பரில் பயிற்சிக்கு நடுவே சொந்த அணி வீரர்கள் இருவர் அடித்துக்கொண்டது வீடியோவாக ஊரெல்லாம் சுற்றியது. ராபர்ட் போர்ட்டுஸோ, ஜாக் சான்ஃபோர்ட் என்ற அந்த இருவரும் நட்சத்திரங்கள் அல்லர். அடுத்த ஆட்டத்தில் களமிறங்குவோமா, பார்வையாளர் இருக்கையில் உட்காருவோமா என்பதே நிச்சயமில்லாதவர்கள். அரையாண்டு கழித்து அதே அணி லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியபோது, அந்தப் பயணத்தில் இவர்கள் இருவர் பெயரிலும் கோல் இருந்தது.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் செயின்ட் லூயிஸ், அடிப்படையில் பேஸ்பால் ஊர். அமெரிக்கக் கால்பந்து அணியான ராம்ஸ் 2016இல் லாஸ் ஏஞ்சலிசுக்கு மூட்டை கட்டிவிட்டது. மிச்சமிருந்த ஐஸ் ஹாக்கி அணிக்கோ, ஏமாற்றத்தைத் தவிரச் சொல்லிக்கொள்ள அதிகமில்லை. 1967இல் தொடங்கிய ப்ளூஸ், 1968, 69, 70 என மூன்று ஆண்டு தொடர்ந்து இறுதிச் சுற்றுக்குப் போய், மூன்றிலும் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் திரும்பியது. 1970இல் பாஸ்டனின் பாபி ஓர் கடைசி கோலைப் போட்டுவிட்டு அந்தரத்தில் பறக்கும் புகைப்படம், ஹாக்கி உலகின் மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று. பாஸ்டனில் அதற்குச் சிலையே இருக்கிறது. செயின்ட் லூயிஸ்காரர்களுக்கு அது ஐம்பது ஆண்டு எரிச்சல்.

இப்படிப்பட்ட அணி திடீரென்று ஜெயிக்க ஆரம்பித்தால் ஊர் எதைப் பேசும்? பெரிய பெயர்களை எல்லோரும் பேசுவார்கள். அசல் ரசிகன் கடைசி வரிசைக்காரர்களைப் பற்றித்தான் வாய் ஓயாமல் பேசுவான். நான்காவது லைனில் யாரை இறக்குவது, ஆறாவது தடுப்பாட்டக்காரராக யார் வேண்டும் என்பதில்தான் மதுக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் சண்டையே.

அதற்குக் காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஐஸ் ஹாக்கியில் ஒரு நேரத்தில் களத்தில் இருப்பவர்கள் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். ஆனால் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு கோல்கீப்பர்களும் பதினெட்டு ஆட்டக்காரர்களும் உடுப்பு மாட்டித் தயாராக இருப்பார்கள். முன்கள வீரர்கள் பன்னிரண்டு பேர், மும்மூன்று பேராக நான்கு லைன்கள். தடுப்பாட்டக்காரர்கள் ஆறு பேர், மூன்று ஜோடிகள். பனித்தரையில் முழு வேகத்தில் சறுக்கி ஆடுவதால் முக்கால் நிமிடத்திலேயே மூச்சு வாங்கும். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு லைன் பெஞ்சுக்குத் தாவி ஏற, அடுத்த லைன் குதித்து இறங்கும். முதல் லைன் எவ்வளவு பெரிய சூரர்களாக இருந்தாலும் ஆட்டத்தின் பெரும்பகுதி நேரம் அவர்கள் பெஞ்சில்தான் இருக்க வேண்டும்.

பிளேஆஃப் என்னும் நாக்அவுட் கட்டத்தில் இது இன்னும் கடுமை. அந்த சீசனில் 82 ஆட்டங்கள் கொண்டிருந்த லீக் சுற்றை முடித்த கையோடு நான்கு சுற்றுகள், ஒவ்வொன்றிலும் ஏழில் நான்கை வெல்ல வேண்டும். எதிரணி தன் சிறந்த தடுப்பாட்டக்காரர்களை நம் நட்சத்திரங்கள் மீதே ஏவிவிடும். பெரியவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்போட்டுக்கொள்ள, ஆட்டம் சின்னவர்கள் கைக்கு வரும். கிரிக்கெட்டில் பத்தாவதாக இறங்குபவர் அடிக்கும் முப்பது ரன் போலத்தான் இதுவும். ஆனால் இங்கே அந்தத் தேவை ஒவ்வோர் ஆட்டத்திலும் வரும்.

ப்ளூஸின் நான்காவது லைன் விசித்திரமான கூட்டணி. அலெக்ஸாண்டர் ஸ்டீன், 2008இலிருந்து அணியில் இருந்தவர், ஆண்டுச் சம்பளம் 57.5 லட்சம் டாலர். அவ்வளவு வாங்குபவர் நான்காவது லைனிலா என்று முணுமுணுப்பு எழுந்தது. புதிய பயிற்சியாளர் கிரெய்க் பெரூபே அவரைக் கீழே இறக்கியபோது ஸ்டீன் முகம் சுளிக்காமல் போனார். அவருடன் இவான் பார்பஷேவ், ஆஸ்கர் சண்ட்க்விஸ்ட். 2017இல் ரசிகர்களின் செல்லப்பிள்ளை ரயன் ரீவ்ஸைப் பிட்ஸ்பர்க்குக் கொடுத்தபோது பதிலுக்கு வந்தவர் சண்ட்க்விஸ்ட். இந்த மூவரும் கோல் போடுவதைவிட எதிரணியைச் சுவரோடு நசுக்கிக் களைப்படைய வைப்பதில் கைதேர்ந்தவர்கள். பெரூபே இவர்களைத்தான் எதிரணியின் பெரிய லைன்களுக்கு எதிராகத் துணிந்து இறக்கினார்.

மூன்றாவது லைனின் பாட் மரூன், செயின்ட் லூயிஸிலேயே பிறந்தவர். மகனின் அருகில் இருப்பதற்காக 17.5 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஊர் திரும்பியவர். சீசனின் தொடக்கத்தில் கோல் வர அடம்பிடித்தது. இரண்டாம் சுற்றில் டல்லஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டம் இரண்டாவது கூடுதல் நேரம் வரை போனது. பிளேஆஃபில் கூடுதல் நேரத்தில் முதலில் கோல் போடும் அணியே ஜெயிக்கும். ப்ளூஸ் அடித்த 54 ஷாட்களில் 52ஐத் தடுத்து நின்றவர் டல்லஸ் கோல்கீப்பர் பென் பிஷப். அவரும் செயின்ட் லூயிஸில் வளர்ந்தவர்தான்! பத்தொன்பது வயது ராபர்ட் தாமஸ் அடித்தது கம்பத்தில் பட்டு பிஷப்பின் முதுகுப்பக்கம் விழ, மரூன் அதை உள்ளே தள்ளினார்.

அரையிறுதியில் சான் ஹோசேவுக்கு எதிரான இரண்டாம் ஆட்டத்தில் போர்ட்டுஸோவின் முறை. பிளேஆஃபில் அவருடைய முதல் கோல், அதுவே வெற்றி கோலும் ஆனது.

இறுதிச் சுற்றில் எதிரே நின்றது பழைய பகையாளி பாஸ்டன் ப்ரூயின்ஸ். முதல் ஆட்டம் போனது. இறுதிச் சுற்றுகளில் ப்ளூஸின் பதின்மூன்றாவது தொடர் தோல்வி. இரண்டாம் ஆட்டம் 2-2. கடைசி நிமிடங்களில் தடுப்பாட்டக்காரர் கார்ல் குன்னார்சன் அடித்த ஷாட் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. கூடுதல் நேரத்துக்கு முந்தைய இடைவேளையில் கழிவறையில் பெரூபேவைச் சந்தித்த குன்னார்சன், இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு போதும் என்று சொன்னாராம். பிறகு பெரூபேவே இதைப் பத்திரிகையாளர்களிடம் சிரித்துக்கொண்டே உடைத்தார். கூடுதல் நேரத்தின் நான்காவது நிமிடத்தில் குன்னார்சன் தூரத்திலிருந்து அடித்தது வலைக்குள் போனது. பிளேஆஃபில் அவருக்கு அது முதல் கோல். இறுதிச் சுற்றில் ப்ளூஸுக்கும் அதுவே வரலாற்றின் முதல் வெற்றி.

கடைசி வரிசைக்காரர்கள்தான் முக்கியம் என்ற ரசிகர்களின் வாதத்துக்கு வலுவான சாட்சியம் அடுத்து வந்தது. முறைகேடான மோதலுக்காகச் சண்ட்க்விஸ்ட் மூன்றாம் ஆட்டத்தில் ஆடத் தடை. ப்ளூஸ் 2-7 என நொறுங்கியது. அதேபோன்ற குற்றத்துக்காகப் பார்பஷேவுக்கு ஆறாம் ஆட்டத்தில் தடை. 1-5 எனத் தோல்வி. நான்காவது லைன் முழுசாக இறங்கிய ஐந்து ஆட்டங்களில் நான்கு வெற்றி. இதை முழு நிரூபணம் என்று சொல்ல முடியாது. மூன்றாம் ஆட்டத்தில் ப்ளூஸ் வீரர்கள் தண்டனை பெற்று வெளியே உட்கார்ந்த நான்கு முறையும் பாஸ்டன் கோல் போட்டது. அதற்கு ஒருவர் இல்லாததை மட்டும் காரணம் காட்ட முடியாது.

எதிர்வாதமும் சும்மா இல்லை. பிளேஆஃபின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர் முதல்தர நட்சத்திரமான ரயன் ஓ'ரைலி. கோல்கீப்பர் ஜோர்டன் பின்னிங்டன் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது என்பார் இன்னொருவர். ஆனால் பின்னிங்டனே சீசன் தொடங்கியபோது அணியின் கோல்கீப்பர் வரிசையில் நான்காவது ஆள். ஜனவரி 7ஆம் தேதி பிலடெல்ஃபியாவில் முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்தே நிறுத்தினார்கள். ஒரு கோலும் விடவில்லை.

ஜூன் 12, ஏழாவது ஆட்டம், பாஸ்டன். செயின்ட் லூயிஸில் ப்ளூஸின் அரங்கோடு பேஸ்பால் மைதானத்தையும் திறந்துவிட்டுப் பெரிய திரையில் காட்டினார்கள். முதல் இருபது நிமிடத்தில் பாஸ்டன் பன்னிரண்டு முறை தாக்கியது, பின்னிங்டன் பன்னிரண்டையும் தடுத்தார். நான்கே ஷாட்களில் ப்ளூஸ் இரண்டு கோல் போட்டது. கடைசிப் பகுதியில் ப்ளூஸின் நான்காவது கோலை அடித்தவர் சான்ஃபோர்ட். பாஸ்டன் காலேஜில் ஆடிய பையன். வாரக்கணக்கில் வெளியே உட்கார்ந்திருந்து, சண்ட்க்விஸ்ட் தடைபட்ட அந்த மூன்றாம் ஆட்டத்தில்தான் மீண்டும் அணிக்குள் வந்தவர். முடிவு 4-1.

அடுத்த ஆண்டு ப்ளூஸ் முதல் சுற்றிலேயே வான்கூவரிடம் தோற்று வெளியேறியது. ஸ்டீனும் குன்னார்சனும் சில ஆண்டுகளுக்குள் ஓய்வு பெற்றார்கள். ஒப்பந்தம் முடிந்த மரூனை ப்ளூஸ் போகவிட, டாம்பா பே அணி எடுத்துக்கொண்டது. 2020இலும் 2021இலும் அந்த அணி கோப்பையை வென்றது. வெவ்வேறு அணிகளோடு சேர்ந்து மூன்று ஆண்டு தொடர்ந்து ஸ்டான்லி கோப்பையைத் தூக்கிவிட்டார் மரூன். அவரை விட்டது சரியா, தவறா என்று செயின்ட் லூயிஸில் விவாதிக்க ஆளைத் தேட வேண்டியதில்லை.