காக்கைக்கு உங்கள் முகம் தெரியும், தெரியுமா?

மொட்டைமாடித் தொட்டியில் நேற்று நட்ட தக்காளி நாற்று இன்று வேரோடு வெளியே கிடக்கிறதா? காக்கையின் வேலையாக இருக்கலாம். அதற்காகக் கல்லை எடுத்துவிடாதீர்கள்! எறிந்தவர் யார் என்று அது மறக்காது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2006-ல் என்ன நடந்தது தெரியுமா? ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் கற்கால மனிதன் முகமூடியைப் போட்டுக்கொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். அவ்வளவுதான்! அதன்பின் அந்த முகமூடியோடு யார் வளாகத்தில் நடந்தாலும் தலைக்கு மேல் ஒரே கூச்சல். அன்றைய துணை அதிபர் டிக் செனியின் முகமூடியோடு போனவர்களை மட்டும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. (அரசியல்வாதிக்குக் கிடைத்த அபூர்வ நிம்மதி!) பிடிபடாத காக்கைகளும் சேர்ந்து திட்டின, பெற்றோரைப் பார்த்துக் குஞ்சுகளும் கற்றுக்கொண்டன. பல ஆண்டுகள் பகை ஆறவில்லை. அது அமெரிக்க இனம்தான். ஆனால் நம் சாம்பல் கழுத்துக் காக்கையின் கூட்டை ஒருமுறை கலைத்தவரைக் கேட்டுப் பாருங்கள், குடையோடு வந்து பதில் சொல்வார்.

பானையில் கல் போட்ட காக்கை வெறும் கதை என்றா நினைத்தீர்கள்? 2009-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரூக் என்ற காக்கை இனப் பறவைகளின் முன் தண்ணீர் ஊற்றிய குழாயில் ஒரு புழுவை மிதக்கவிட்டார்கள். கல்லைப் போட்டு, தண்ணீரை உயர்த்தி, புழுவைத் தூக்கிவிட்டன! அதோடு, சின்னக் கல்லை விடப் பெரிய கல்லே லாபம் என்றும் கண்டுகொண்டன.

இப்படிப்பட்ட மூளையோடுதான் உங்கள் கத்தரிச்செடி மோதுகிறது! மண்ணைக் கிளறுவது புழுவுக்கும் முளைவிட்ட விதைக்கும். தென்னை நாரை உருவுவது கூடு கட்ட. இன்னொரு காரணமும் உண்டு. மறைக்காமல் இனத்தைக் கூப்பிட்டு உண்ணும் என்று காக்கையைப் புகழ்ந்தார் வள்ளுவர். ஆனால் மிச்சத்தை ஒளித்தும் வைக்கும் என்பது, தொட்டி மண்ணுக்குள் வடைத்துண்டைக் கண்டெடுத்தவர்களுக்குத் தெரியும்!

பழைய சிடி, பளபள ரிப்பன், சோளக்கொல்லைப் பொம்மை எல்லாம் சில நாள் வேடிக்கைதான். அசையாத பொம்மை ஆபத்தில்லை என்று அதற்குப் புரிந்துவிடும். தினம் இடம் மாற்றினால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பிளாஸ்டிக் ஆந்தையை வாங்கி ஏமாறவே ஏமாறாதீர்கள். பகலில் ஆந்தையைக் கண்டால் காக்கை ஓடாது, கூட்டம் சேர்த்துக்கொண்டு விரட்ட வரும்!

உண்மையில் காக்கையைக் கலங்கடிப்பது எது தெரியுமா? செத்த காக்கை! அதைச் சுற்றிக் கூடிக் கரைவது துக்கத்துக்கு என்று நாம் நினைக்கிறோம். இங்கே என்ன ஆபத்து என்று பாடம் படிக்கவும்தான் கூடுகின்றன என்கிறது சியாட்டிலில் நடந்த ஆய்வு. கருவாடு காயவைப்பவர்கள் செத்த காக்கையைக் கட்டித் தொங்கவிடுவது சும்மா இல்லை. வீட்டு மாடியில் அது வேண்டாம், நாறும்.

வீட்டுக்கு ஏற்றது வலைதான். நாற்று வேர்பிடிக்கும்வரை நைலான் வலையை வளைவுக் கம்பிகள்மேல் இழுத்துக் கட்டுங்கள். தொய்வாக விட்டால் அணிலும் சிட்டும் சிக்கிக்கொள்ளும். தொட்டி மண்ணைத் தேங்காய் மட்டையால் மூடுங்கள். மீன் கழிவு, நாய்ச்சோறு, மூடாத உரத்தொட்டி எதுவும் மாடியில் இருக்கக் கூடாது. விருந்து வைத்துவிட்டு விரட்டினால் எந்தக் காக்கை போகும்? அமாவாசைச் சோற்றையும் தோட்டத்துக்கு எதிர்ப்பக்கக் கைப்பிடிச் சுவரில் வையுங்கள்.

வெட்டுக்கிளியையும் எலிக்குஞ்சையும் தின்று காக்கை உங்களுக்கு உதவியும் செய்கிறது. அது இடம்பெற்றிருந்த வனவிலங்குச் சட்டத்தின் தீங்குயிரிப் பட்டியலையும் 2022 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். ஆகவே விஷம் வைக்காதீர்கள், கூட்டைக் கலைக்காதீர்கள். இந்த வாரமே வலையை வாங்கிவிடுங்கள்!