தோற்றவர்க்கு முதலிடமா?

ஓட்டப் பந்தயத்தில் முதலில் வருபவருக்குப் பரிசு. இது உலக வழக்கு. "கடைசியில் வருபவருக்கே சிறந்த பரிசு" என்று ஒரு நாள் அறிவித்துவிட்டால் என்ன ஆகும்? ஒருத்திக்குக் கால் சுளுக்கிக்கொள்ளும். இன்னொருத்திக்கு மூச்சு வாங்கும். மற்றொருத்தி பாதி வழியில் நின்று வேடிக்கை பார்ப்பாள். இப்படியும் ஒரு பந்தயம் உண்டா என்று நாம் சிரிப்போம். ஆனால் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமாகிய என்.பி.ஏ.வுக்கு இது சிரிக்கும் செய்தி அன்று; பல ஆண்டுகளாகத் தீராத தலைவலி. அந்தக் கதையைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

சிறுமிகளாய் இருந்தபோது நாம் உத்தி பிரித்து விளையாடியிருக்கிறோம் அல்லவா? இரண்டு தலைவிகள் நிற்பார்கள். ஏறக்குறைய ஒரே திறமையுள்ளவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, இரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வந்து, "சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா?" என்று கேட்பார்கள். கேட்ட பெயருக்கு உரியவள் அந்தக் கட்சியில் சேருவாள். வல்லவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் போய்விட்டால் ஆட்டம் சுவைக்காது. இரு கட்சிகளும் சமபலத்தோடு இருக்கவேண்டும் என்பதே இதன் நோக்கம்.

என்.பி.ஏ.வுக்கும் இதே கவலைதான். 1946-ஆம் ஆண்டு தோன்றிய இச்சங்கம் 30 அணிகளாக வளர்ந்தது. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடும். கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆண்டுதோறும் வரும் புதிய வீரர்களை இவ்வணிகள் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை முறையில் தேர்ந்தெடுக்கின்றன. 1947-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்கு "டிராஃப்ட்" என்று பெயர். இதில் நலிந்த அணிக்கே முன்னுரிமை. ஏழைக்கு முதலில் பரிமாறுவது போன்ற இரக்கம் இதில் உண்டு. கூடவே வணிகக் கணக்கும் உண்டு. எப்போதும் ஒரே அணி வென்றுகொண்டிருந்தால் யார் டிக்கெட் வாங்கி வந்து பார்ப்பார்கள்?

முதலில் தேர்ந்தெடுப்பதில் அப்படி என்ன பெரிய இலாபம் என்று தோன்றலாம். கால்பந்தில் ஓர் அணிக்கு 11 பேர். கூடைப்பந்தில் களத்தில் நிற்பவர் 5 பேரே. ஆகவே ஓர் ஈடற்ற வீரன் வந்துவிட்டால் அணியின் தலைவிதியே மாறிவிடும்.

இதற்கு ஒரு சான்று பார்ப்போம். 1966 முதல் 1984 வரை, கிழக்கு, மேற்கு என்ற இரு பிரிவுகளிலும் கடைசியாக வந்த அணிகளுக்கிடையே நாணயம் சுண்டி, பூவா தலையா பார்த்து, முதல் உரிமையை முடிவு செய்தார்கள். 1969-இல் 16 ஆட்டங்களில் மட்டுமே வென்றிருந்த ஃபீனிக்ஸ் அணியும், 27 ஆட்டங்களில் வென்றிருந்த மில்வாக்கி அணியும் நாணயத்துக்காகக் காத்திருந்தன. ஃபீனிக்ஸ் "தலை" என்றது, விழுந்ததோ பூ. மில்வாக்கிக்கு லூ அல்சிண்டர் கிடைத்தார். கரீம் அப்துல் ஜப்பார் என்று பின்னாளில் உலகம் அறிந்த மாவீரர் இவரே. அடுத்த பருவத்திலேயே மில்வாக்கியின் வெற்றிகள் 56 ஆயின. 1971-இல் சாம்பியன் பட்டமும் வந்தது. ஒரு நாணயம் புரண்டு விழுந்ததில் எத்துணை வேறுபாடு!

இத்தகைய பரிசு கடைசி இடத்தில் காத்திருந்தால் ஆசை எழாமல் இருக்குமா? 1983-84 பருவத்தில் ஹூஸ்டன் அணி 29 ஆட்டங்களில் வென்று 53 ஆட்டங்களில் தோற்றது. பருவத்தின் இறுதியில் அது தொடர்ந்து தோற்றதைக் கண்டு, வேண்டுமென்றே தோற்கிறதோ என்று பலரும் ஐயுற்றனர். நாணயச் சுண்டலில் வென்று அவ்வணி பெற்ற வீரர் ஹக்கீம் ஒலாஜுவான். பின்னர் 1994, 1995 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஹூஸ்டனுக்குச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தவர் அவர்.

ஐயம் வலுக்கவே, சங்கம் விதியை மாற்றியது. 1985-இல் குலுக்கல் முறை வந்தது. நம் ஊர்த் திருவுளச்சீட்டைப் போன்றதே அது. இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறாத 7 அணிகளின் பெயர்களையும் உறைகளில் இட்டு, ஓர் உருளையில் சுழற்றி எடுத்தார்கள். எல்லாருக்கும் சம வாய்ப்பு. ஆகையால் கடைசி இடத்துக்கு முந்தியடித்து ஓடுவதில் பயனில்லாமற் போயிற்று. ஆனால் வேறொரு சங்கடம் முளைத்தது. 22 வெற்றிகளோடு அடிமட்டத்தில் கிடந்த கோல்டன் ஸ்டேட் அணிக்கு ஏழாவது இடமே கிடைத்தது! நலிந்தவர்க்கு உதவ வந்த ஏற்பாடு நலிந்தவரையே கைவிட்டுவிட்டது.

எனவே 1990-இல் மீண்டும் ஒரு மாற்றம். 11 அணிகளுக்கு மொத்தம் 66 வாய்ப்புகள். மிக மோசமான அணிக்கு 11, அடுத்ததற்கு 10 என்று குறைந்துகொண்டே போய், இருப்பவற்றில் நல்ல அணிக்கு ஒன்று. 1993-இல் நடந்ததோ விந்தை. 41 வெற்றி, 41 தோல்வி என்று சரிபாதியாக முடித்திருந்த ஒர்லாண்டோ அணி, தன்னிடமிருந்த அந்த ஒரே வாய்ப்பில் முதலிடத்தைத் தட்டிச் சென்றது. முந்திய ஆண்டும் முதலிடம் பெற்று ஷக்கீல் ஓனீலை எடுத்திருந்த அணி அது!

இது கண்டு பொறாத சங்கம், 1994-இல் மிக மோசமான அணியின் வாய்ப்பை 25 சதவீதமாக உயர்த்தியது. 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகளில் 4 பந்துகளை எடுப்பார்கள். இவற்றை 1001 விதமாக எடுக்கலாம். (சரிதானா என்று கணக்குப் படிக்கும் அக்காமார் போட்டுப் பார்க்கலாம்!) ஒன்றை நீக்கி, மீதி 1000 சேர்க்கைகளை அணிகளுக்குப் பங்கிட்டார்கள்; 250 சேர்க்கைகள் கடைசி அணிக்கு.

அப்படியானால் குலுக்கல்தான் தோற்கத் தூண்டுகிறதா? பெக் டெய்லர், ஜஸ்டின் டிராக்டன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். மூன்று பருவங்களை ஒப்பிட்டார்கள். நாணயம் சுண்டிய 1983-84 பருவத்திலும், மோசமான அணிக்கு அதிக வாய்ப்பு அளித்த 1989-90 பருவத்திலும், இறுதிச் சுற்று வாய்ப்பை இழந்துவிட்ட அணிகள் மற்ற அணிகளைவிட எளிதில் தோற்றன. எல்லாருக்கும் சம வாய்ப்பளித்த 1984-85 பருவத்தில் அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆக, குற்றம் குலுக்கலில் இல்லை. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு படி அதிகப் பரிசு என்று ஏணி கட்டி வைப்பதில்தான் இருக்கிறது. ஏணி செங்குத்தாக இருந்தால் ஆசை மிகும். சரிவு குறைந்தால் ஆசையும் தணியும்.

இங்கே ஒன்றை நாம் தெளிவாக உணரவேண்டும். வேண்டுமென்றே தோற்பது என்றால் வீரன் கூடைக்குப் பதில் சுவரில் பந்தை எறிகிறான் என்று பொருளன்று. அடுத்த ஆண்டு தன் இடத்துக்கே வரப்போகும் ஒரு புதியவனுக்காக அவன் ஏன் தோற்கவேண்டும்? அவனது ஊதியமே அவன் ஆட்டத்தைப் பொறுத்தது. பயிற்சியாளருக்கும் அப்படியே. தோல்வியைத் திட்டமிடுவது மேலே இருக்கும் நிர்வாகம். நல்ல வீரர்களை விற்றுவிடுவது, சிறு காயத்துக்கும் நீண்ட ஓய்வு கொடுப்பது, அனுபவமற்றவர்களைக் களத்தில் இறக்குவது ஆகியவையே அதன் வழிகள். களத்தில் நிற்கும் ஐவரும் வியர்வை சிந்தி உண்மையாகவே ஆடுவார்கள். ஆனால் வெல்ல முடியாத அணியாகவே அவர்களை அனுப்பியிருப்பார்கள்.

பிலடெல்பியா அணி இதை வெளிப்படையான கொள்கையாகவே கொண்டது. 2013 முதல் 2016 வரை மூன்று பருவங்களில் அதன் வெற்றிகள் முறையே 19, 18, 10. அதாவது 246 ஆட்டங்களில் 47 வெற்றிகள்! திட்டமிட்ட மேலாளர் சாம் ஹின்கி 2016-இல் பதவி விலகினார். ஜோயல் எம்பீட், பென் சிம்மன்ஸ் போன்ற சிறந்த வீரர்கள் கிடைத்தார்கள் என்பது உண்மை. ஆயினும் 2025 வரை அவ்வணி இறுதிப் போட்டியை எட்டவில்லை. தோற்றுப் பெற்ற செல்வம் எண்ணிய பலனைத் தரவில்லை.

சங்கம் அபராதமும் விதித்துப் பார்த்தது. தோற்பதே நமக்கு நல்லது என்று தம் வீரர்களிடம் கூறியதாகச் சொன்ன டல்லஸ் அணியின் உரிமையாளர் மார்க் கியூபனுக்கு 2018-இல் 6 லட்சம் டாலர் அபராதம். 2023 ஏப்ரலில் அதே அணி, முன்னேற வாய்ப்பு இன்னும் மிச்சமிருந்தும், சிகாகோவுக்கு எதிராக முக்கிய வீரர்கள் பலரை உட்கார வைத்தது. முதல் 10 இடங்களுக்குள் விழாவிட்டால் அந்த ஆண்டின் தேர்வு உரிமையை நியூயார்க் அணிக்குக் கொடுக்கவேண்டிய நிலை அதற்கு. அபராதம் 7 லட்சத்து 50 ஆயிரம் டாலர். உரிமையோ பத்தாவது இடத்தில் பத்திரமாக நின்றது! இலாபம் அபராதத்தைவிடப் பெரிதாயிருந்தால் அபராதம் வெறும் விலையாகிவிடுகிறது.

2019-இல் சங்கம் ஏணியின் சரிவைக் குறைத்தது. மிக மோசமான மூன்று அணிகளுக்கும் சமமாக 14 சதவீத வாய்ப்பு என்றது. பலன் உடனே தெரிந்தது. அதற்கு முன் 2015 முதல் 2018 வரை நான்கு ஆண்டுகளும் முதல் உரிமை கடைசி அணியின் பெயரிலேயே விழுந்திருந்தது. 2019 முதல் 2025 வரை நடந்த 7 குலுக்கல்களில் ஒரு முறைகூடக் கடைசி அணி முதலிடம் பெறவில்லை. 2025-இல் 1.8 சதவீத வாய்ப்பே இருந்த டல்லஸ் அணி கூப்பர் ஃபிளாக்கைப் பெற்றது. அந்த ஆண்டு அது, தகுதிக்கான கூடுதல் ஆட்டங்கள்வரை போராடித் தோற்றிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இப்பொழுது ஒரு நீதியையும் மறக்கலாகாது. தோற்கிற ஒவ்வோர் அணியும் வேண்டுமென்றே தோற்பதில்லை. 2023-24 பருவத்தில் டெட்ராய்ட் அணி தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்றது. வெல்ல முயன்றும் முடியாமல் தோற்றது. குலுக்கலில் அதற்கு விழுந்தது ஐந்தாவது இடம். ஆயினும் அடுத்த பருவத்தில் அதே அணி 44 ஆட்டங்களில் வென்று தலைநிமிர்ந்தது. கடைசி இடத்துக்குப் பரிசு வைப்பதன் பெருந்தீமை இதுவே: உண்மையாக உழைத்துத் தோற்றவர்மேலும் பழி விழுகிறது.

அப்படியானால் வழிதான் என்ன? பெண்களின் விளையாட்டுச் சங்கங்கள் இதில் நல்ல யோசனைகளைக் கையாண்டிருப்பது நமக்குப் பெருமை. பெண்கள் கூடைப்பந்துச் சங்கமாகிய டபிள்யூ.என்.பி.ஏ., ஒரே ஆண்டின் கணக்கை வைத்துக் குலுக்காமல், இரண்டு ஆண்டுகளின் வெற்றி தோல்விகளைச் சேர்த்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒரு பருவத்தின் கடைசி வாரங்களில் தோற்று என்ன பயன்?

2024 சனவரியில் ஆடத் தொடங்கிய பெண்கள் தொழில்முறை ஐஸ் ஹாக்கிச் சங்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஓர் அணி இறுதிச் சுற்று வாய்ப்பை இழந்த நாளிலிருந்து அது பெறும் புள்ளிகளைத் தனியே எண்ணுவார்கள். யார் அதிகம் பெறுகிறார்களோ அவர்களுக்கே முதல் உரிமை. நலிந்த அணி முன்னதாகவே வாய்ப்பை இழப்பதால், புள்ளி சேர்க்க அதற்கு அதிக ஆட்டங்கள் மீதி இருக்கும்; ஆகவே இரக்கமும் கெடவில்லை. புள்ளி சேர்த்தால்தான் முதல் உரிமை, ஆகவே உழைப்பும் கெடவில்லை. முதல் ஆண்டில் கடைசி இடத்தில் முடித்த நியூயார்க் அணியே இம்முறையில் முதல் உரிமையைப் பெற்று, சாரா ஃபில்லியர் என்ற வீராங்கனையைத் தேர்ந்தெடுத்தது.

அன்புத் தோழியரே, நலிந்தவரைத் தூக்கிவிடுவது நல்ல நோக்கம். அதைக் கைவிடச் சொல்வார் யாருமில்லை. ஆனால் விழுந்து கிடப்பதற்குப் பரிசு கொடுத்தால் கிடப்பவர் பெருகுவர். எழ முயல்வதற்குக் கை கொடுத்தால் எழுபவர் பெருகுவர். என்.பி.ஏ. நாணயத்தையும் உறையையும் பந்தையும் மாற்றி மாற்றித் தேடியது இந்தச் சிறு வேறுபாட்டைத்தான். அடுத்த முறை ஆட்டத்தில் 20 புள்ளிகள் பின்தங்கி நிற்கும்போது, விசில் ஊதும்வரை ஓடுவோம். தோற்றாலும், உண்மையாகத் தோற்றோம் என்று தலைநிமிர்ந்து நடக்கலாம்.