விஷப் பீப்பாயின் மூடி

கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் 2024-ஆம் வருஷம் ஜூன் மாதம் நிகழ்ந்த கோரத்தைத் தமிழ்நாடு இதற்குள் மறந்திருக்க நியாயமில்லை. பாக்கெட்டில் விற்ற சாராயத்தை வாங்கிக் குடித்த ஏழைக் கூலி ஜனங்கள், ஆணும் பெண்ணுமாக, அறுபது பேருக்கு மேல் மாண்டனர். தாய் தந்தை இருவரையும் ஒருசேர இழந்த குழந்தைகளும் உண்டு. அதே மாத முடிவில் சட்டசபையார் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயத்தால் உயிர்ச்சேதம் விளைவிப்போருக்கு ஆயுள் தண்டனையும் பத்து லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதித்தனர். நவம்பரில் சென்னை ஹைக்கோர்ட்டார் வழக்கின் விசாரணையை சி.பி.ஐ. வசம் ஒப்புவித்தனர். இவை யாவும் அவசியமே. ஆயினும் இவையெல்லாம் விஷம் வெளியே வந்த பிறகு செய்யும் காரியங்கள். அது எந்த வாய் வழியாக வெளியே வந்தது, அந்த வாய்க்கு மூடி எப்படிப்பட்டது என்று கேட்பார் அரியர்.

இவ்வளவு பெரிய துன்பத்தில் மூடியைப் பற்றியா பேச்சு என்று வாசகர் நினைக்கலாம். மெதனாலின் பிறப்பை அறிந்தால் அப்படி நினைக்கமாட்டார்.

கல்வராயன் மலையில் வெல்லமும் மரப்பட்டையும் ஊறப்போட்டுக் காய்ச்சும் சாராயம் வேறு, கருணாபுரத்தில் உயிர் குடித்த சரக்கு வேறு. மெதனாலைக் காட்டு ஓடையோரத்தில் அடுப்பு மூட்டி எவனும் உண்டாக்குவதில்லை. இயற்கை வாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ பெரிய ஆலைகளில் தயாராகும் திரவம் அது. நம் தேசத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதி கப்பலேறி அந்நிய நாடுகளிலிருந்து வருகிறது. துறைமுகத்திலிருந்து டாங்கர் லாரி, டாங்கரிலிருந்து பீப்பாய், பீப்பாயிலிருந்து கேன் என்று அது இறங்கும் ஒவ்வொரு படியிலும் ஒரு கலம் உண்டு. ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு மூடி உண்டு. ஆகவே கருணாபுரத்துப் பாக்கெட்டில் விழுந்த ஒவ்வொரு சொட்டும் எங்கோ ஓரிடத்தில் ஒரு மூடியைக் கடந்தே வந்திருக்க வேண்டும். பத்து மில்லி லிட்டர் உடம்பில் சேர்ந்தால் பார்வை போகலாம். முப்பது மில்லி லிட்டரில் உயிரே போகலாம். அந்தக் கணக்குப்படி 200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் ஆறாயிரம் பேருக்கு மேற்பட்டோரின் உயிர் அடங்கியிருக்கிறது.

அபாயகரமான சரக்குகளைக் கட்டும் கலங்களுக்கு ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தார் வகுத்த சோதனைகள் உலகெங்கும் அனுசரிக்கப்படுகின்றன. அவர்களுடைய ஜாபிதாவில் மெதனாலுக்கு எண் 1230. அதை ஏற்றும் பிளாஸ்டிக் பீப்பாயைப் பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரிக்குக் குளிர்வித்து 1.2 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போடுகிறார்கள். காற்றழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கிறார்கள். 40 டிகிரி வெப்பத்தில் 28 நாள் பாரம் ஏற்றி வைக்கிறார்கள். நல்ல சோதனைகள்தாம். ஆனால் இவை அனைத்தும் கலம் தானாகச் சிந்துமா, உடையுமா என்ற கேள்விக்கே பதில் சொல்கின்றன. ஒருவன் ராத்திரியில் திறந்து இருபது லிட்டர் எடுத்துக்கொண்டு மறுபடி மூடிவிட்டால், காலையில் அது தெரியுமா என்பதை இச்சோதனைகள் கேட்பதில்லை.

இங்கேதான், அழுத்தினால் 'டக்'கென்று கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் மூடியின் உபயோகம் வருகிறது. அதன் தத்துவம் எளிது. கலத்தின் கழுத்தைச் சுற்றி ஒரு வரம்பு. மூடியின் உட்புறத்தில் ஒரு பல். பல்லின் கீழ்ப்பக்கம் சரிவாக இருப்பதால், மேலிருந்து அழுத்தும்போது மூடி சற்றே விரிந்து வரம்பைத் தாண்டி இறங்குகிறது. மேல்பக்கம் செங்குத்தாக இருப்பதால் திரும்பி ஏற முடிவதில்லை. பல் பெரிதானால் பிளாஸ்டிக் வெடிக்கும். சிறிதானால் நகத்தால் நெம்பி எடுத்துவிடலாம். இழுத்த நிலையிலேயே நெடுநாள் வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் தளர்ந்துபோகும் என்பதையும் அச்சு செய்கிறவன் கணக்கில் வைக்கவேண்டும்.

ஆனால் இந்த மூடியை மட்டும் நம்பி மெதனாலை அடைப்பது மடமை. 65 டிகிரியில் கொதிக்கும் திரவம் அது. 30 டிகிரியில் மூடிய கலம் வெயிலில் 50 டிகிரிக்குச் சூடேறினால், உள்ளிருந்து தள்ளும் அழுத்தம் சதுர செண்டிமீட்டருக்கு 400 கிராமுக்குக் குறையாது. ஐந்து செண்டிமீட்டர் அகலமுள்ள சிறு வாயில் அது எட்டுக் கிலோ பாரம். பெயிண்டு வாளியைப்போல் 28 செண்டிமீட்டர் அகல மூடியானால் இருநூறு கிலோவுக்கு மேல்! கவ்வு மூடி பிய்த்துக்கொண்டு பறக்கும். ஆதலால் வாய் சிறியதாக இருக்கவேண்டும். கசிவைத் தடுக்க வாஷருடன் கூடிய மரை அடைப்பான் உள்ளே இருக்கவேண்டும். அதன்மேல் கவ்வு மூடி உட்காரவேண்டும். அடைப்பான் காவற்காரன், மேல்மூடி சாட்சி. பட்டையைக் கிழித்தாலன்றி மேல்மூடி வராது. கிழித்த பட்டை மறுபடி ஒட்டாது.

நம் வீட்டுச் சமையல் காஸ் சிலிண்டர் வந்து இறங்கும்போது, சீல் பிரிந்திருந்தால் பெண்மணிகள் அதை வாங்க மறுக்கிறார்கள். சோறாக்கும் வாயுவுக்குக் கிடைக்கும் இந்த ஜாக்கிரதை விஷத்துக்கு வேண்டாமா?

உரிமம் பெற்றவனே கள்ளனாக இருந்தால் மூடி என்ன செய்யும் என்பது நியாயமான ஆக்ஷேபணை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு ஜில்லாவிலும் இருபது பேருக்கு மேல் மாண்டபோது, குடித்தது தொழிற்சாலை மெதனால் என்று போலீஸாரே சொன்னார்கள். பதின்மூன்று மாதங்களில் கருணாபுரம் வந்தது. திறக்க அதிகாரமுள்ள கையை மூடி தடுக்காது, உண்மை. ஆனால் ஒவ்வொரு மேல்மூடிக்கும் தனி எண் இருந்து, கிழித்த மூடியைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த பீப்பாய் என்று ஏற்பட்டால், எந்தப் பீப்பாய் எந்த வாசலில் திறந்தது என்பதற்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும். கள்ள மூடி அச்சடிப்பான் என்றால், முத்திரைக் காகிதத்தைப்போல் இதையும் சர்க்கார் மேற்பார்வையில் செய்யட்டும்.

மெதனாலை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் கோரும் விதிகள் இம்மாகாணத்தில் 1959 முதலே உள்ளன. விதியைத் திருத்தச் சட்டசபை கூடவேண்டியதில்லை. அரசாங்க உத்தரவு போதும். உரிமதாரரின் கணக்குப் புத்தகத்தில் மூடி எண்ணுக்கென்று ஒரு பத்தி சேர்த்து, மாதந்தோறும் கிழித்த மூடிகளை எண்ணிப் பார்க்க ஓர் அதிகாரியை நியமிக்கும் உத்தரவைத்தான் நாம் கேட்கிறோம்.